அணுவுக்கும் ஆன்மாவுக்கும் இடையே: தௌலத் சிங் கோத்தாரி

புது தில்லி: கல்வி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வரும்போது தவறாமல் ஒலிக்கும் பெயர் கோத்தாரி. தேசிய வருவாயில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று 1966-இல் பரிந்துரைத்த கல்விக் குழுவின் தலைவர் அவர். அந்த இலக்கு எட்டப்படவில்லை என்பது வேறு விஷயம். ஆனால், அவர் அடிப்படையில் ஓர் இயற்பியலாளர் என்பதும், அணுவுக்கும் அதை அறியும் மனத்துக்கும் உள்ள உறவைப் பற்றி முதுமையில் ஆழ்ந்து எழுதியவர் என்பதும் அவையில் அரிதாகவே நினைவுகூரப்படுகின்றன.

ராஜஸ்தானின் உதய்பூரில் 1906-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி சமணக் குடும்பத்தில் பிறந்த தௌலத் சிங் கோத்தாரி, அலகாபாத் பல்கலைக்கழகத்தில் மேகநாத் சாகாவிடம் பயின்றார். ரூதர்ஃபோர்டு தலைமை வகித்த கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்துவிட்டு, 1934-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1948 முதல் 1961 வரை பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராக இருந்தார். அப்பொறுப்பில் இருந்தபோதே, அணுகுண்டு வெடிப்புகளின் கொடிய விளைவுகளை விளக்கும் நூலை, நேருவின் முன்னுரையுடன் 1956-இல் வெளியிட்டார். பின்னர் 1973 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர்.

அவரை ஈர்த்த கேள்வி எளிதானதன்று. குவாண்டம் கோட்பாட்டின்படி, அளக்கப்படும் வரை ஒரு துகளுக்கு ஒரே இடம் என்று சொல்ல இயலாது. பல வாய்ப்புகள் கலந்த நிலையில் அது இருக்கும். அளந்தால் ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது? கருவிக்கும் அதைப் பார்ப்பவருக்கும் இடையிலான எல்லைக்கோட்டை எங்கு வேண்டுமானாலும் வரையலாம் என்று வான் நாய்மன் 1932-இல் கணித முறையில் காட்டினார். பார்ப்பவரின் அறிவுணர்வே முடிவைத் தீர்மானிக்கிறது என்று 1961-இல் விக்னர் வாதிட்டார். பிற்காலத்தில் அவரே அக்கருத்தைக் கைவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

கோத்தாரி சென்ற பாதை வேறு. ஒன்றையொன்று விலக்குவன போலத் தோன்றும் இரு விவரிப்புகளும் சேர்ந்தே உண்மையை நிறைவு செய்யும் என்ற நீல்ஸ் போரின் கருத்தைப் பற்றிக்கொண்டு, அதைச் சமணத்தின் ஸ்யாத்வாதத்துடன் ஒப்பிட்டார். ஒரு பெட்டி நடுவே தடுக்கப்பட்டிருக்கிறது; துகள் இப்பாதியில் உள்ளது எனலாம், அப்பாதியில் உள்ளது எனலாம்; இரண்டிலும் அடங்காத, சொல்லால் உரைக்கவொண்ணாத நிலையும் உண்டு. ஸ்யாத்வாதத்தின் ஏழு கூற்று வகைகளில் அவக்தவ்யம் எனப்படும் அந்நிலையை, குவாண்டத்தின் கலப்பு நிலைக்கு இணையாக அவர் வைத்தார்.

இந்த ஒப்புமை சிந்தனைக்கு விருந்து, ஆனால் சான்றாகாது. அறிவியல் ஆன்மிகத்தை நிரூபித்துவிட்டது என்று மேடைகளில் முழங்குவோர் கோத்தாரியைத் துணைக்கு அழைப்பது அவருக்குச் செய்யும் அநீதி. அணுவும் ஆன்மாவும் என்ற பொருளில் எழுதியபோதும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவ அவர் முற்படவில்லை.

அறிவுணர்வு தேவை என்ற வாதத்துக்கு எதிரான ஆய்வுகளும் அவர் காலத்துக்குப் பின் பெருகின. வியன்னாவில் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள் அலைபோல் நடந்துகொள்வதைக் கண்ட ஆய்வாளர்கள், கருவிக்குள் சிறிது வாயுவைச் செலுத்தினர். வாயுத் துகள்கள் மோத மோத அலைத்தன்மை மங்கியது. 2003-இல் வெளியான இம்முடிவின்படி, அதற்குப் பார்ப்பவர் எவரும் தேவைப்படவில்லை. வாயுவுக்கு மனம் ஏது? எனினும், பல வாய்ப்புகளில் குறிப்பிட்ட ஒன்று மட்டும் ஏன் விடையாகிறது என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை.

பத்ம விபூஷண் விருது பெற்ற கோத்தாரி, 1993-இல் காலமானார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர் விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.