கயிற்றில் ஏறி வேலூரைப் பிடித்த கில்லஸ்பி!

குடியாத்தத்துல பஸ் ஏறிப் போய் வேலூர் கோட்டையில செல்ஃபி எடுத்திருப்பீங்க. அந்த மதிலில் கயிற்றைப் பிடித்து ஏறிய ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருக்கார்: ராலோ கில்லஸ்பி.

1766-ல் அயர்லாந்தின் காம்பர் ஊரில் பிறந்தவர். சின்ன வயசுலயே துப்பாக்கிச் சண்டையில் ஒருவரைக் கொன்று, வழக்கில் விடுதலையானவர். ஆள் அப்படி!

1806-ல் ஆற்காட்டில் குதிரைப்படைத் தளபதி. அப்போ வேலூர் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை வந்தது. அதில் தோல் சின்னம். கூடவே, நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாதுன்னு கட்டளை. ஜூலை 10 அதிகாலை கோட்டையில் புரட்சி வெடித்தது. சேதி கிடைத்ததும் சுமார் 25 கிலோமீட்டரைக் குதிரையில் கடந்து வந்தார் கில்லஸ்பி. கதவு பூட்டியிருந்தது. மேலே சிக்கியிருந்த ஆங்கிலேய வீரர்கள் கயிறும் இடைக்கச்சையும் இறக்க, அதைப் பிடித்து ஏறிவிட்டார். பின்னால் வந்த பீரங்கி கதவைப் பிளந்தது.

அதோடு நிற்கவில்லை. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுடச் சொன்னார். விசாரணையே கிடையாது. அவரை ஹீரோன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

அப்புறம் ஜாவா போர். 1814 அக்டோபர் 31-ல் டேராடூன் அருகே நாலாபானி கோட்டையைத் தாக்கும்போது கூர்க்காக்களின் குண்டுக்குப் பலியானார். சாவுச் செய்தி லண்டன் போய்ச் சேரும் முன்பே, 1815 ஜனவரியில் அவருக்கு 'சர்' பட்டம் அறிவிச்சுட்டாங்க.