ஜகதீச சந்திர போஸ்

சேர்வராயன் மலைமீது ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் சந்திப்பு ஒன்று உளது. ஆங்கு நிற்பார் ஒருவர், தொலைவிலுள்ள தம் மகவின் முகத்தைக் கைப்பேசியிற் கண்டு உரையாடுதல் இந்நாளில் வியப்பன்று. அம்முகத்தைச் சுமந்து வருவது கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலையாகும். அவ்வலைகளுள் மிகக் குறுகியவற்றை ஆக்கி ஆராய்ந்த முன்னோடி ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

அவர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அரசு அலுவலரான தந்தையார், அக்கால வழக்கிற்கு மாறாக, மைந்தனை முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். பின்னர்க் கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் கற்று, 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராய் அமர்ந்தார்.

ஆங்கு ஐரோப்பியர்க்கு ஓர் ஊதியம். இந்தியர்க்கு அதனினும் குறைந்த ஊதியம். போஸ் வழக்காடவில்லை, பணியையும் விடவில்லை. ஊதியத்தைத் தொடாமலே மூன்றாண்டு கற்பித்தார். தந்தையார் கடன்பட்டிருந்த காலம் அது என்பதை நினைந்தால் அவர்தம் உறுதி விளங்கும். முடிவில் அரசினர் முழு ஊதியத்தையும் நிலுவையுடன் அளித்தனர்.

ஆய்வுக்கு அவர்க்குக் கிடைத்தது ஒரு சிற்றறையே. ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் முன்னர் ஆக்கிய அலைகள் அடிக்கணக்கில் நீண்டவை. போஸ் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவிற்கு அலையைக் குறுக்கினார். அலையைச் செலுத்தக் குழாயும் கொம்பு வடிவக் கருவியும் அமைத்தார். முறுக்கிய சணலைக்கொண்டும் அலையின் இயல்பை ஆராய்ந்தார். 1895ஆம் ஆண்டையொட்டிக் கல்கத்தா நகர மண்டபத்தில் பலர் முன்னிலையில் அலையை ஏவி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்து தீப்பற்றவும் செய்து காட்டினார்.

எனினும், கடல் கடந்து செய்தி விடுக்க விழைந்த மார்க்கோனி முதலியோர் நீண்ட அலைகளையே நாடினர். குறுகிய அலைகள் நெடுங்காலம் ஆய்வுக்கூடத்தளவிலேயே நின்றன. அவற்றின் அருமை பின்னரே புலனாயிற்று. வாய்க்கால் அகலின் நீர் மிகுதியாய் ஓடும். அதுபோல, அதிர்வெண் வரிசையில் தடம் அகலின் ஒரு நொடியிற் செல்லும் செய்தி மிகும். நீண்ட அலைகளின் பகுதியில் வானொலி முதலியன நெருங்கி நிற்றலின் அகன்ற தடத்திற்கு இடம் அரிது. 4ஜி முறையில் ஒரு தடத்தின் பேரகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5ஜி முறையின் நடுப்பகுதியில் அது 100. மில்லிமீட்டர் அலைப் பகுதியிலோ 400 வரை செல்லும். நம் அரசு 2022இல் நடத்திய அலைக்கற்றை ஏலத்தில் அத்தகைய 26 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் இடம்பெற்றது. ஆயின் குறை ஒன்று உண்டு. தடித்த சுவரும் மரத்தின் இலையும் இவ்வலைகளின் வலிமையைக் குறைக்கும். ஆதலின் காப்பித் தோட்டத்து நிழல்மரங்கள் செறிந்த சேர்வராயன் போன்ற மலைகளில், இவற்றைக்கொண்டு பணிபுரியக் கோபுரங்கள் அடுத்தடுத்து வேண்டும்.

போஸ் தம் கண்டுபிடிப்பால் பொருளீட்ட விரும்பவில்லை. நண்பர் வற்புறுத்தலால், அலையை உணரும் படிகக் கருவிக்கு மட்டும் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதனாலும் பயன் தேடினாரல்லர். இதனைப் பேதைமை என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதோம். பின்னாளில் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவினார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் காலமானார்.