கோணிய விரல்கள் கொடுத்த பார்வை

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் தவளக்குப்பம் இருக்கிறது. அங்கே பெரிய கண் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அதன் பெயர் அரவிந்த்.

கண்புரையால் பார்வை மங்கிய ஏழை மகனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். கண்ணுக்குள் சின்னஞ்சிறு லென்ஸ் வைக்கப்படுகிறது. திரும்பும்போது அவருக்கு யார் கையும் வேண்டியதில்லை.

இந்த லென்ஸ் ஒரு காலத்தில் வசதி படைத்தவர்களின் சொத்து. அதை ஏழைக்கும் எட்டச் செய்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி.

முடங்கிய டாக்டர்

எட்டயபுரம் பக்கத்தில் உள்ள சிற்றூர் வடமலாபுரம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வெங்கடசாமி பிறந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, 1944-ல் டாக்டர் ஆனார். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். பிரசவ டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஆசையில் இடி விழுந்தது. கொடிய மூட்டு வாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிப்பதே பெரும்பாடு. பிரசவம் பார்ப்பது எப்படி?

அவர் மனம் தளரவில்லை. கண் வைத்தியம் படித்தார். அந்தக் கோணிய விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் ஆபரேஷன்களைச் செய்தார்!

11 படுக்கைகள்

மதுரை அரசு ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1973-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1976-ல் ஓய்வு பெற்றார். ஆனால் ஓய்ந்துவிடவில்லை.

அதே ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் தோள் கொடுத்தார்கள். பணம் போதவில்லை. குடும்பத்தின் நகைகள் அடகுக்குப் போயின.

வெங்கடசாமி புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தரின் பக்தர். அவர் பெயரையே ஆஸ்பத்திரிக்குச் சூட்டினார். வசதி உள்ளவர்கள் கட்டணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை நடந்தது.

சோடாபுட்டி கண்ணாடி

அந்நாளில் கண்புரை ஆபரேஷன் என்றால், மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிடுவார்கள். பிறகு தடித்த சோடாபுட்டி கண்ணாடி கொடுப்பார்கள். கண்ணாடி உடைந்தால், தொலைந்தால், மறுபடியும் இருட்டுதான். கூலி வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்?

இதற்கு மாற்று முன்பே பிறந்திருந்தது. 1949-ல் லண்டன் டாக்டர் ஹரால்டு ரிட்லி, பிளாஸ்டிக் லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். உலகப் போரில் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துகள்கள் விமானிகளின் கண்ணில் பாய்ந்திருந்தன. அவை கண்ணை உறுத்தாமல் கிடந்ததைக் கண்டுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். நாளடைவில் உலகம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் விலை? வெளிநாட்டு லென்ஸ் ஒன்று சுமார் 100 டாலர். ஆகவே பணக்காரருக்கு லென்ஸ், ஏழைக்குச் சோடாபுட்டி என்ற பாகுபாடு நீடித்தது. இது வெங்கடசாமியின் மனதை உறுத்தியது.

மதுரையில் பிறந்த லென்ஸ்

வாங்க முடியாவிட்டால் என்ன, நாமே செய்வோம் என்று முடிவாயிற்று. நம் நாட்டில் இவ்வளவு நுட்பமான பொருளைச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் எழுந்தது. அமெரிக்க நண்பர் டேவிட் கிரீன் துணை நின்றார். 1992-ல் மதுரையில் அரோலேப் தொழிற்சாலை எழுந்தது. கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று லென்ஸ் செய்தார்கள்.

விலை சுமார் 10 டாலராக இறங்கியது! பின்னர் மேலும் குறைந்தது. சொந்த ஆஸ்பத்திரியிலேயே ஏராளமான லென்ஸ்கள் தேவைப்பட்டன. நிறையச் செய்ததால் ஒவ்வொன்றின் செலவும் சுருங்கியது.

லென்ஸ் மலிவானால் மட்டும் போதுமா? அதை வைக்கத் தெரிந்த கைகளும் வேண்டுமே! பிற ஊர் டாக்டர்களுக்கும் மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். மதுரை லென்ஸ் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

குருவின் ஊரில்

2003-ல் புதுச்சேரியிலும் அரவிந்த் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. குரு வாழ்ந்த ஊருக்குச் சீடர் செலுத்திய காணிக்கை அது.

2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி, 87-வது வயதில் வெங்கடசாமி காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

லென்ஸைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. ஆனால் கண்டுபிடிப்பு ஏழையின் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அதற்குப் பயன். அந்த வழியைத் திறந்தவை, கோணிய அந்த விரல்கள்தான்.