கம்ப்யூட்டரையே பார்க்காதவர் கோடிங்குக்குள் வந்தது எப்படி? யார் இந்த ஜார்ஜ் பூல்?

யுபிஐ-யில் பணம் அனுப்பறீங்க. பின் நம்பர் சரியா? கணக்கில் பணம் இருக்கா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால்தான் பணம் போகும். ஒன்று 'இல்லை' என்றாலும் போகாது.

கோடிங் கத்துக்க ஆரம்பித்ததுமே வரும் 'இஃப்', 'எல்ஸ்' இதுதான். நிபந்தனைக்கு விடை ட்ரூ அல்லது ஃபால்ஸ். நடுவில் எதுவும் கிடையாது. இந்த வகை விடைக்கு ஜாவாவில் 'பூலியன்', பைத்தானில் 'பூல்' என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர்.

டிகிரி இல்லாத பேராசிரியர்

1815 நவம்பர் 2-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பிறந்தவர் ஜார்ஜ் பூல். அப்பா காலணி தைக்கும் தொழிலாளி. ஆனால் அவருக்கு டெலஸ்கோப் செய்வதில்தான் ஆர்வம். கடை நொடித்துப் போனது. 16 வயசிலேயே துணை ஆசிரியராகி குடும்பத்தைத் தாங்கினார் பூல். கல்லூரிக்குப் போகாமல், உயர்கணிதத்தைப் புத்தகங்களிலிருந்து தானே கற்றார். 1844-ல் ராயல் சொசைட்டியின் பதக்கம் கிடைத்தது. 1849-ல் அயர்லாந்தின் கார்க் நகரில் குயின்ஸ் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியர் ஆனார்.

தர்க்கமே கணக்கானது

நாம் யோசிப்பதையே கணக்காக எழுத முடியுமா என்பதுதான் பூலின் கேள்வி. 1854-ல் வந்த அவரது நூல் அதற்கு விரிவாக விடை சொன்னது. உண்மை என்றால் 1, பொய் என்றால் 0. 'இரண்டும் வேணும்' என்பது பெருக்கல்: 1×1=1, ஆனால் 1×0=0. யுபிஐ-யில் நடப்பதும் இதே கணக்குதான். 1937-ல் எம்ஐடி மாணவர் கிளாட் ஷானன், ரிலே ஸ்விட்சுகளையும் இந்தக் கணக்கால் வடிவமைக்கலாம் என்று காட்டினார். டிஜிட்டல் சர்க்யூட்டுகளுக்கு அதுவே அடிப்படை ஆனது.

மழையில் ஒரு நடை

அதைப் பார்க்க பூல் இல்லை. 1864 நவம்பரில், வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சுமார் 3 மைல் கொட்டும் மழையில் நடந்துபோய், ஈர உடையோடு பாடம் எடுத்தார். நிமோனியா வந்தது. எது நோயைத் தந்ததோ அதுவே குணமாக்கும் என்று நம்பிய மனைவி மேரி, அவரை ஈரத் துணியால் சுற்றிவைத்தார் என்று சொல்லப்படுகிறது. டிசம்பர் 8-ல் இறந்தபோது பூலுக்கு வயது 49. ஐந்து மகள்களில் கடைசிக் குழந்தை பிறந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

எரர் வராத தப்பு

நனைந்ததால் நோய் என்றால் நனைத்தே குணமாக்கு. இதை 'இஃப்' வரியாக எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரும் எரர் காட்டாது. விதி தப்பு என்று அதற்குத் தெரியாது.

புதுசா கோடிங் பழகுபவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். '18 அல்லது அதற்கு மேல்' என்று போட வேண்டிய இடத்தில் '18-க்கு மேல்' என்று போட்டால், சரியாக 18 வயசு ஆனவர் வெளியே நிற்பார். புரோகிராம் மட்டும் ஜோரா ஓடும். நிபந்தனை உண்மையா, பொய்யா என்பதைத்தான் பூலின் கணக்கு சொல்லும். கேட்டதே சரியான நிபந்தனையா என்பதை எழுதுபவர்தான் பார்க்கணும்.