தோண்டோ கேசவ் கார்வே

தோண்டோ கேசவ் கார்வே (ஏப்ரல் 18, 1858 - நவம்பர் 9, 1962) மகாராட்டிரத்தைச் சேர்ந்த கணிதப் பேராசிரியரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். மகரிசி கார்வே என்றும் அண்ணா என்றும் மக்கள் இவரை அழைத்தனர். கைம்பெண் மறுமணம், கைம்பெண் கல்வி ஆகியவற்றுக்காக உழைத்த இவர், 1916 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தைப் பூனாவில் தொடங்கினார். இந்தியாவில் பெண்ணியல் ஒரு பல்கலைக்கழகத் துறையாக முதலில் வேரூன்றிய இடமும் அதே பல்கலைக்கழகம்தான்.

இளமை

கார்வே இரத்தினகிரி மாவட்டத்தின் சேராவளி என்னும் சிற்றூரில், வசதி குறைந்த சித்பவன் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். கடலோர ஊரான முருட் இவருடைய சொந்த ஊர். அக்காலத்தில் ஆறாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேறியவர்களுக்கே சிறு அரசுப் பணிகள் கிடைத்தன. அத்தேர்வை எழுதுவதற்காக, 17 வயதில், மலைப்பாதை வழியாக 100 மைலுக்கு மேல் நடந்து சதாராவுக்குச் சென்றார். ஒல்லியான தோற்றத்தைக் கண்ட தேர்வாளர்கள், இவருக்கு உரிய வயது ஆகியிருக்காது எனக் கூறித் திருப்பி அனுப்பிவிட்டனர். அடுத்த ஆண்டு கோலாப்பூரில் தேர்வெழுதித் தேறினார். பின்னர் பம்பாயில் வில்சன் கல்லூரியிலும் எல்பின்சுடன் கல்லூரியிலும் பயின்று, 1884 ஆம் ஆண்டில் கணிதத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

அன்றைய வழக்கப்படி 14 வயதிலேயே இவருக்குத் திருமணம் நடந்துவிட்டது. மனைவி ராதாபாய் 1891 ஆம் ஆண்டில் இறந்தார். அதே ஆண்டில், கோபால கிருஷ்ண கோகலேயின் அழைப்பை ஏற்றுப் பூனா பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகச் சேர்ந்த கார்வே, 1914 ஆம் ஆண்டு வரை அங்கே பணியாற்றினார்.

மறுமணமும் ஊர்விலக்கும்

மனைவியை இழந்த ஆண் சிறுமி ஒருத்தியை மணந்துகொள்வது அன்று இயல்பானதாகக் கருதப்பட்டது. கணவனை இழந்த பெண்ணோ, குழந்தையாயினும், தலை மழித்து ஒதுங்கி வாழவேண்டும். கார்வே கைம்பெண்ணைத் தவிர வேறு யாரையும் மணப்பதில்லை என உறுதி பூண்டார். நண்பர் ஒருவரின் தங்கையான கோதுபாய், எட்டு வயதில் மணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்தவர். பண்டித ரமாபாய் நடத்திய சாரதா சதனத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1893 மார்ச்சு 11 அன்று பூனாவில் இருவரும் மணந்துகொண்டனர். அதன்பின் கோதுபாய் ஆனந்திபாய் என அழைக்கப்பட்டார்.

முருட் ஊரார் கூடி இத்தம்பதியை விலக்கி வைத்தனர். கார்வே தம் தாயின் வீட்டில் தங்கினால் அக்குடும்பமும் விலக்கப்படும் என்றும் முடிவு செய்தனர். மறுமணத்தை ஊக்குவிப்பதற்காகக் கார்வே அதே ஆண்டில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்.

ஹிங்னே ஆசிரமம்

மறுமணத்தை விடக் கல்வியே பெரும்பாலான கைம்பெண்களுக்கு எட்டக்கூடியது என்ற எண்ணம் கார்வேக்கு நாளடைவில் வலுப்பட்டது. 1896 ஆம் ஆண்டில் கைம்பெண்களுக்கான இல்லம் ஒன்றை நிறுவினார். ஊருக்கு வெளியே ஹிங்னேயில் கிடைத்த நிலத்தில், 1900 ஆம் ஆண்டில் ஒரு குடிசையில் இல்லம் இயங்கத் தொடங்கியது. பகலில் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் சில மைல் தொலைவு நடந்து ஹிங்னேக்குச் சென்று அங்கும் கற்பிப்பது இவருடைய அன்றாட வழக்கமாயிற்று. அவ்விடம் இன்று பூனா நகரின் பகுதியாகிக் கார்வேநகர் என வழங்குகிறது.

வரலாற்று நூல்கள் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று இங்குண்டு. மறுமணத்தை வெறுத்த குடும்பங்களும் தம் வீட்டுக் கைம்பெண்களைப் படிக்க அனுப்ப வேண்டுமெனில், ஆசிரமத்துக்கும் மறுமண இயக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றக்கூடாது. எனவே கார்வே மறுமணச் சங்கப் பொறுப்பிலிருந்து விலகினார். மறுமணம் செய்துகொண்டவர் என்பதால் ஆனந்திபாயும் ஆசிரமத்திலிருந்து தள்ளியே இருக்க நேர்ந்தது. தம் 5000 ரூபாய் ஆயுள் காப்புறுதியையும் கார்வே ஆசிரமத்துக்கே கொடுத்துவிட்டார். குடும்பத்துக்கு வருவாய் தேடும் சுமையில் பெரும்பங்கு ஆனந்திபாயின் தோளில் விழுந்தது. அவர் மகப்பேற்று மருத்துவப் பயிற்சி பெற்று அத்தொழிலைச் செய்தார். தம் அனுபவங்களை 'மாஜே புராண்' என்ற மராத்தித் தன்வரலாற்றில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். கார்வேயின் ஈகத்தைப் பற்றிப் படிப்பவர்கள் அந்நூலையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

ஆனந்திபாயின் தங்கையும் கைம்பெண்ணுமான பார்வதிபாய் ஆதவலே, ஆசிரமத்துக்கு நன்கொடை திரட்ட ஊர் ஊராகச் சென்றார். ஆங்கிலம் அதிகம் அறியாத நிலையிலும் தனியே அமெரிக்கா வரை சென்று வந்தவர் அவர்.

மகளிர் பல்கலைக்கழகம்

1901 ஆம் ஆண்டில் டோக்கியோவில் தொடங்கப்பட்ட ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு நூல் ஒன்று கார்வேயின் கைக்கு வந்தது. 1915 திசம்பரில் பம்பாயில் நடந்த தேசிய சமூக மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது, அத்தகைய பல்கலைக்கழகம் இந்தியாவுக்கும் வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டே அது உருப்பெற்றது. இரா. கோ. பண்டார்கர் முதல் வேந்தராகவும், கார்வேயின் உறவினரும் கணித அறிஞருமான ர. பு. பராஞ்சபே முதல் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றனர். முதலில் சேர்ந்த மாணவியர் ஐவர் மட்டுமே.

இப்பல்கலைக்கழகத்தில் தாய்மொழி பயிற்றுமொழியாகவும் ஆங்கிலம் கட்டாயப் பாடமாகவும் இருந்தன. மனைவியாகவும் தாயாகவும் பெண்ணுக்குரிய கடமைகள் வேறானவை, ஆகவே கல்வியும் வேறாக அமைய வேண்டும் என்பது கார்வேயின் கருத்து. இதனால் இல்லறப் பொருளியல், உடல்நலவியல் முதலியவை முக்கிய இடம் பெற்றன. கணிதம் விருப்பப் பாடமாயிற்று. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கணிதம் கற்பித்தவர் வகுத்த பாடத்திட்டம் இது என்பது வியப்பளிக்கிறது. பட்டத்துக்கும் இளங்கலை என்ற பெயரில்லை, 'கிருகீதாகமா' என்று பெயர். அரசின் ஒப்புதல் இல்லாததால், இப்பட்டத்தைக் கொண்டு வேலை தேடுவது பல ஆண்டுகள் வரை கடினமாகவே இருந்தது. பெண்களுக்குத் தனிப்பாடத்திட்டம் தேவையா, ஆண்களுக்கு நிகரான அதே தேர்வு தேவையா என்ற வாதம் அக்காலச் சீர்திருத்தவாதிகளிடையே தீராமல் இருந்தது. ஆனால், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலவழித் தேர்வை எட்டவே முடியாத ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் திறந்திருந்த கதவு இது ஒன்றுதான் என்பதையும் மறுக்க இயலாது.

பம்பாய் ஆலையதிபர் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 1920 ஆம் ஆண்டில் 15 இலட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். அவருடைய தாயார் பெயரால் பல்கலைக்கழகம் ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி பல்கலைக்கழகம் ஆயிற்று. 1936 ஆம் ஆண்டில் தலைமையிடம் பம்பாய்க்கு மாறியது. முழுமையான சட்ட ஒப்புதல் 1951 ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில், 70 வயதைத் தாண்டிய கார்வே ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், ஆப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குப் பயணம் செய்து உரையாற்றி நிதி திரட்டினார். 1929 ஆம் ஆண்டில் பெர்லினில் ஐன்ஸ்டைனையும் சந்தித்தார்.

பிற்காலம்

1936 இல் சிற்றூர்த் தொடக்கக் கல்விக்காகவும், 1944 இல் சாதி வேறுபாடுகளைக் களைவதற்காகவும் புதிய அமைப்புகளைத் தொடங்கினார். 1955 ஆம் ஆண்டில் பத்ம விபூசண் விருதும், நூறாவது வயதில், 1958 ஆம் ஆண்டில், பாரத ரத்னா விருதும் பெற்றார். அவ்வாண்டு இவருக்கு அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. ஆனந்திபாய் 1950 ஆம் ஆண்டில் காலமானார். கார்வே 1962 ஆம் ஆண்டில், 104 வயதில், பூனாவில் காலமானார்.

மூத்த மகன் ரகுநாத் கார்வே தந்தையை விடவும் துணிந்தவர் எனலாம். குடும்பக் கட்டுப்பாட்டையும் பாலியல் கல்வியையும் வெளிப்படையாகப் பேசியதால் கல்லூரிப் பணியை இழந்தார். அவர் நடத்திய 'சமாஜ் சுவாஸ்த்ய' இதழ் மீது ஆபாச வழக்குத் தொடரப்பட்டபோது, அவருக்காக வழக்காடியவர் அம்பேத்கர். மற்றொரு மகன் தினகரின் மனைவி, மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே.

பெண்ணியல் ஆய்வு மையம்

1974 ஆம் ஆண்டில் சமூகவியல் பேராசிரியர் நீரா தேசாய் இப்பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய முதல் மையம் இதுவே. பெண்களைப் பற்றிய முதல் தேசியப் பெண்ணியல் மாநாடு 1981 ஆம் ஆண்டில் இங்கே கூடியது. அதன் தொடர்ச்சியாக 1982 இல் இந்தியப் பெண்ணியல் ஆய்வுச் சங்கம் உருவாயிற்று. பெண்ணின் இயல்பான கடமை இல்லறமே என்ற கருத்து எவ்வாறு உருவாக்கப்பட்டது என்று கேட்பது இத்துறையின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. அக்கேள்விக்குக் கார்வேயின் பாடத்திட்டமும் விலக்கல்ல. அதை ஆராய்பவர்களுக்கு ஆனந்திபாயின் தன்வரலாறும் ஒரு முதன்மைச் சான்றாக விளங்குகிறது.