ரஹீம் வாத்தியார்

இந்த மலரில் தொழிலில் ஜெயித்த நம் அண்ணன்மார்களைப் பற்றி நிறையப் பக்கங்கள் இருக்கும் என்று தெரியும். இருக்கட்டும், சந்தோஷம்தான். கால்பந்து அணியில் மூணு வருஷம் இடது பக்கத் தடுப்பாட்டக்காரனாக நின்றவன் என்ற உரிமையில் நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம்ம ஊர்க்காரர் இல்லை, நம்ம கல்லூரிக்கு வந்ததும் இல்லை. ஹைதராபாத்காரர். சையத் அப்துல் ரஹீம். 1963லேயே காலமாகிவிட்டார். 2024ல் 'மைதான்' என்று ஒரு இந்திப் படம் வந்த பிறகு பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயர் தெரிகிறது. அதுக்கு முன்னாடி நம்ம ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் எந்தக் கம்பெனி பையர் என்று கேட்டிருப்பார்கள்.

பிறந்தது 1909 ஆகஸ்ட் 17. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர் கிளப்பிலும் ஆடினார். நல்ல ஆட்டக்காரர், ஆனால் நாடு முழுக்கப் பெயர் தெரிந்த ஆட்டக்காரர் இல்லை. படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போனார். ஹைதராபாத்தில் நாலைந்து பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார். அப்புறம் உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கி, விளையாட்டையும் கவனித்துக்கொண்டார். 1943ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர். கடைசி வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் கால்பந்து ஆடிப் பிழைப்பது என்பதற்கு இன்றைய அர்த்தம் கிடையாது. காகிதத்தில் எல்லோரும் அமெச்சூர். நடைமுறையில் ரயில்வே, போலீஸ், ராணுவம், துறைமுகம் என்று ஏதாவது ஒரு வேலை கொடுப்பார்கள், அந்த வேலைதான் ஆட்டத்துக்குக் கூலி. கொஞ்சம் பெயர் வந்தால் கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் கூப்பிடும். ஆட்டக்காரர்கள் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராகப் போவார்கள். நம்ம ஊரில் கம்பெனி மாறிக்கொண்டே இருக்கும் டெய்லர்கள் மாதிரிதான் என்று வையுங்களேன். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியும் அப்படி வேலை கொடுத்துச் சேர்த்த அணிதான். நார்பர்ட் ஆண்ட்ரூ ஃப்ருவால் என்ற போலீஸ் அதிகாரி அதை வளர்த்து வைத்திருந்தார். 1950ல் பயிற்சிப் பொறுப்பு ரஹீமிடம் வந்தது. 1950 முதல் 1954 வரை பம்பாய் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து தடவை அந்தப் போலீஸ்காரர்கள் தூக்கி வந்தார்கள். 1950லும் 1954லும் டூரண்ட் கோப்பை வேறு. கல்கத்தாதான் கால்பந்து என்று இருந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லைங்க.

எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அவர் ஊரில் டிரிபிளிங் இல்லாத போட்டிகளை நடத்தினார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஏமாற்றி ஓடுவது நம் பையன்களுக்கு ரத்தத்தில் ஊறினது. அதைத் தடை செய்துவிட்டால் என்ன ஆகும்? பந்து வருவதற்கு முன்னாலேயே யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று யோசித்தாக வேண்டும். கூட இருக்கிறவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்தாக வேண்டும். பந்து இல்லாதவனும் சும்மா நிற்க முடியாது, வாங்கிக்கொள்ள இடம் தேடி ஓட வேண்டும். அதே மாதிரி வலது கால்காரனை இடது காலால் ஆட வைத்தார். முதல் வாரம் எல்லோரும் கோமாளி மாதிரி இருந்திருப்பார்கள். நம்ம யூனிட்டில் ஓவர்லாக் டெய்லரைத் தூக்கி பேட்லாக் மெஷினில் உட்கார வைத்தால் முதல் நாள் பீஸ் எப்படி வரும் என்று தெரியும் இல்லையா, அது மாதிரி. ஆனால் ஆறு மாசம் கழித்து ஒருத்தன் லீவு போட்டால் லைன் நிற்காது.  வகுப்பில் நாற்பது பையன்களை வைத்து மேய்த்தவருக்கு இது தானாக வந்த புத்தி என்றுதான் நினைக்கிறேன்.

1951ல் முதல் ஆசிய விளையாட்டு டெல்லியில் நடந்தது. இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ரஹீம். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம். கோல் போட்டவர் மேவாலால். அடுத்த வருஷமே தலைகீழ். ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று நம்மை அடித்துத் துவைத்துவிட்டது. பல பேர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலில் ஆடினார்கள். அந்தக் குளிரில், அந்த ஈரப் புல்லில். இதோடு இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு நம் நாட்டில் ஆட்டம் 70 நிமிஷம்தான், அங்கே 90. கடைசி இருபது நிமிஷத்துக்கு உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பிறகுதான் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

வெறுங்கால் கதையை இன்றைக்கு வீரக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பையன்களுக்கு பூட்ஸ் வாங்கப் பணம் இல்லாததும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

துளசிதாஸ் பலராமை எடுத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் பிறந்தவர், தமிழ்க் குடும்பம். 1950களின் நடுவில் ரஹீம் அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். பையன் தயங்கினான். அவ்வளவு தூரம் தினம் வந்து போக வழி இல்லை. ரஹீம் வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்தார். 1956ல் அந்தப் பையன் மெல்போர்ன் ஒலிம்பிக்கில். நம்மில் எத்தனை பேர் மணிக்கணக்கு வாடகை சைக்கிளில் கல்லூரிக்கு வந்தவர்கள்! அந்தப் பணத்தின் மதிப்பு நமக்குப் புரியும்.

மெல்போர்னைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகப் பேச வேண்டும். முதல் சுற்றில் எதிரணி ஹங்கேரி விலகிக்கொண்டதால் நமக்கு ஆடாமலே வழி கிடைத்தது. ஆனால் கால் இறுதியில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று ஜெயித்தோம். நெவில் டிசோசா மூணு கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நம்முடையதுதான். அரை இறுதியில் அதே யூகோஸ்லாவியாவிடம் 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என்று ஜெயித்தது. நாலாவது இடம். பத்து கோல் வாங்கிய அணியிடம் நாலு வருஷத்தில் நாலு கோல், நாமும் ஒன்று போட்டோம் என்றால், நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். 1960ல் ரோமில் பிரான்சோடு 1-1 என்று டிரா செய்து, ஹங்கேரியிடம் 2-1 என்று போராடித் தோற்றோம். அந்த அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார்.

1962 ஜகார்த்தாவுக்கு வருவோம். இங்கேதான் நான் கொஞ்சம் நின்று எழுத ஆசைப்படுகிறேன்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தோம், ஆனால் அதில் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று தாண்டினோம். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல், அவர் இடத்தில் பிரத்யுத் பர்மன் நின்றார். இதற்கு நடுவில் அரசியல். இந்தோனேஷியா, இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு வர விடவில்லை. ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தில் இருந்த நம் நாட்டுக்காரர் சோந்தி அதை எதிர்த்துப் பேசினார். ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் இந்தியத் தூதரகத்தையே கூட்டம் தாக்கியது. ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் வெளியே தெரியாமல் போய் வர வேண்டிய நிலைமை.

அரை இறுதிக்கு ரஹீம் ஒரு காரியம் செய்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைலை உட்கார வைக்கவும் இல்லை, அவர் வழக்கமான இடத்தில் நிறுத்தவும் இல்லை. முன்வரிசைக்கு அனுப்பினார். தடுப்பாட்டக்காரனை சென்டர் பார்வர்டாக! பின்னால் அருண் கோஷை நிறுத்தினார். ஆட்டத்தின் நடுவே மாற்று ஆளை இறக்கும் வசதி அன்றைக்குக் கிடையாது, தப்பாகப் போனால் திருத்த முடியாது. தெற்கு வியட்நாமுக்கு எதிரான அந்த ஆட்டம் 3-2 என்று நம் பக்கம் முடிந்தது. ஜர்னைல் ஒரு கோல், கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரே மறுபடியும் தென் கொரியா. முந்தின இரவு ரஹீம் ஆட்டக்காரர்களிடம் தனக்கு ஒரு பரிசு வேண்டும், நாளைக்கு அந்தத் தங்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டார் என்று அந்த அணியில் ஆடியவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். உத்தரவு போடுகிற வாத்தியார் அன்றைக்குக் கேட்டு நின்றார். அவர் உடம்பின் நிலைமையை வைத்துப் பார்த்தால் எனக்கு அந்த இடம் தாண்டிப் போக முடியவில்லை. மறுநாள் கோலில் தங்கராஜ். காய்ச்சலில் கிடந்தவரை எழுப்பி நிறுத்தினார். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், நம் தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்ட கூட்டம். 17வது நிமிஷம் பி.கே. பானர்ஜி, 20வது நிமிஷம் ஜர்னைல். கடைசியில் கொரியா ஒன்று போட்டது, ஆனால் 2-1 என்று முடிந்தது. பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள் மட்டும் நமக்குக் கை தட்டினார்கள் என்பார்கள்.

தங்கராஜைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அவர் நம்ம பக்கம் இருந்தவர். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர், ராணுவத்தில் சேர்ந்து குன்னூர் பக்கம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்காக ஆடினார். நம்ம ஊரிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினால் வரும் அதே வெலிங்டன். அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை ஜெயித்தது. தங்கராஜ் முதலில் சென்டர் பார்வர்டாக ஆடிய ஆள், அப்புறம்தான் கோல்கீப்பர் ஆனார். ஆறடிக்கு மேல் உயரம். ராணுவத்துக்குப் பிறகு கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புக்கும் ஆடினார். 1967ல் அர்ஜுனா விருது. கடைசிக் காலம் பொகாரோவில், 2008ல் மறைந்தார். ஆக ஜகார்த்தாவில் ஒரு முனையில் பார்வர்டாக இருந்து கோல்கீப்பரானவர், மறுமுனையில் தடுப்பிலிருந்து பார்வர்டாகப் போனவர். யாரை எங்கே நிறுத்துவது என்ற கணக்கு ரஹீமுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது பாருங்கள்.

ஜகார்த்தாவிலிருந்து திரும்பி ஒரு வருஷம் முழுசாக ஆகவில்லை. நுரையீரல் புற்றுநோய். 1963 ஜூன் 11ல் போய்விட்டார். வயசு 53. பயிற்சியாளர்களுக்கென்று துரோணாச்சாரியார் விருது வந்ததே 1985ல்தான்.

அவருக்குப் பிறகு 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நம் அணி தகுதி பெறவில்லை. அதிலிருந்து இன்று வரை ஆண்கள் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இல்லை. ஆசிய விளையாட்டில் 1970ல் ஒரு வெண்கலம், தங்கம் திரும்ப வரவே இல்லை. ஆட்டக்காரர்கள் குறைந்து போனதால் இல்லை. சுனி, ஜர்னைல், தங்கராஜ் எல்லோரும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மனிதர் தலைக்குள் வைத்திருந்த வேலை முறையை ஒரு அமைப்பாக மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. கட்டிங் மாஸ்டர் ஒருத்தர் போனதும் பேட்டர்ன் எல்லாம் அவரோடே போய்விட்ட கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பி.கே. பானர்ஜி, ஹக்கீம் போன்ற அவர் பிள்ளைகள் பின்னாளில் நல்ல பயிற்சியாளர்களாக வந்தார்கள் என்பது ஒரு ஆறுதல். ஆனால் ஹைதராபாத்தின் அந்தக் கால்பந்து, போலீஸ் அணியின் அந்த வேகம், மெதுவாக வற்றிப் போய்விட்டது.

சந்திப்பு அன்று சாயங்காலம் பழைய மாணவர்கள் ஆட்டம் ஒன்று வைப்பது வழக்கம். இந்தத் தடவை அதை ரஹீம் சாகிப் முறையில் டிரிபிளிங் இல்லாமல் ஆடிப் பார்க்கலாம் என்று மலர்க்குழுவிடம் சொல்லியிருக்கிறேன், சம்மதித்துவிட்டார்கள். நமக்கு இருக்கிற தொப்பைக்கு அதுதான் சௌகரியமும் கூட. இரண்டு கலரில் ஜெர்சி என் யூனிட்டிலேயே தைத்துக் கொண்டு வருகிறேன், சைஸ் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.