பொன்னிக்கு மூதாதை தேடியவர்

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரை வயல்களிடையே வாழும் யான், வயலைப் பாடிய புலவரைக் கற்பித்தேனேயன்றி, நெல்லை ஆய்ந்த அறிஞர் இராமையாவை நெடுநாள் அறிந்திலேன். 1892இல் பிறந்த அப்பெரியார் கோயம்புத்தூரில் நெல்லாராய்ச்சி செய்து, 1946இல் கட்டாக்கில் தோன்றிய இந்திய மத்திய நெல்லாராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

இந்திய நெல் உரமிட்டால் நெடிது வளர்ந்து சாயும். யப்பானிய இனமோ உரத்தைக் கதிராக்கும். இரண்டையும் கலக்க அவர் சொன்ன வழியை ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் ஏற்றது. 1950களில் ஆசிய நாடுகளின் நெல்லினங்கள் கட்டாக்கில் கலந்து, கலப்பு வித்துக்களாய் அவ்வந்நாடு மீண்டன. மிகப்பல மலடாயின. எஞ்சியவற்றுள் ஆடுதுறை 27 தஞ்சையிலும் மசூரி மலேசியாவிலும் 1965இல் வெளிவந்தன.

இராமையா 1988இல் மறைந்தார். பொன்னி என்றதும் காவிரியை எண்ணும் எம்மனோர்க்கு ஒன்று கூறுவேன்: 1986இல் தமிழ்நாட்டில் வெளியான வெள்ளைப் பொன்னி மசூரியின் வழித்தோன்றல், அதன் மூதாதையர் தைவான் நெல்லும் மலாய் நெல்லும்.